மரத்தைப் பார்த்து வாங்கிய பங்கு

அன்று வியாழக்கிழமை. ஈப்போ, புந்தோங் கடைவரிசைக்குப் பின்னால் இருக்கும் டயாலிசிஸ் மையத்தில் என் வீட்டுக்காரர் வழக்கமான ஏழாம் நம்பர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். இடது கையிலிருந்து இரண்டு குழாய்கள் மிஷினுக்குப் போயின. ஸ்பிரிட் வாசனையும், யாரோ கொண்டுவந்திருந்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தின் சம்பல் வாசனையும் கலந்து வந்தன.

நான் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பேசியில் ஒரு கம்பெனியின் பங்குதாரர் கூட்டத்தில் கலந்துகொண்டிருந்தேன். திரையில் கோட்டு போட்ட ஐந்து பேர். அவர்களுக்குக் கீழே ஒரு தீர்மானம். அதற்கும் கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்று சம்மதம், இன்னொன்று எதிர்ப்பு.

தீர்மானம் இதுதான். பீடோர் பக்கம் இருக்கும் கம்பெனித் தோட்டத்தை வீடு கட்டி விற்கிறவர்களிடம் கொடுப்பது. வரும் பணத்தில் ஒரு பகுதியைப் பங்குதாரர்களுக்குச் சிறப்பு லாப ஈவாகப் பிரித்துத் தருவது. நான் போட்டுப் பார்த்த கணக்குப்படி என் பங்குகளுக்கு வரும் தொகை, இரண்டு வருஷ டயாலிசிஸ்.

அந்தத் தோட்டத்தில்தான் நான் பிறந்தேன். அப்பாவை அங்கேதான் புதைத்திருக்கிறோம்.

ஓட்டுப் போடப் பத்து நிமிஷம் கொடுத்திருந்தார்கள்.

வாசகி கேட்டது

போன வாரம், நான் ஓய்வு பெற்ற அன்று தொழிற்சாலையில் கொடுத்த சுவர்க் கடிகாரத்தைப் பற்றி எழுதியிருந்தேன். படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "கடிகாரம் கிடக்கட்டும். சேமநிதிப் பணத்தை என்ன செய்தீர்கள்? அடுத்த வருஷம் எனக்கும் அந்தப் பணம் வருகிறது."

நியாயமான கேள்வி. மாமியாரோடு போட்ட சண்டையைக்கூட இந்தத் தொடரில் எழுதிவிட்டேன். பணத்தைப் பற்றி மட்டும் நழுவிக்கொண்டே வந்தேன். வெட்கம்தான் காரணம்.

நான் மேசை நாற்காலி செய்யும் தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தவள். ஒரே அளவு ஆணியை வாங்கிக் குவித்தால் ஒரு நாள் வேலை நின்றுபோகும் என்று புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் எடுத்தவள். அந்த அறிவை ஸ்டோரிலேயே பூட்டி, சாவியைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

சொல்ல ஆள் இல்லாமல் இல்லை. அடுத்த தெரு ஸ்டெல்லா அக்கா வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் எங்கள் வீட்டில் ஒரு கோப்பை தே குடித்துவிட்டுத்தான் போவார்.

"சரசு, முழுசையும் ஒரே எடத்துல போடாத லா," என்றார். "ஆறு மாசச் செலவு சேவிங்ஸ்ல கெடக்கட்டும். கொஞ்சம் ஃபிக்ஸட்ல போடு. மிச்சத்த நாலஞ்சு எடத்துல பிரிச்சு வை. ஒண்ணு படுத்துக்கிட்டா இன்னொண்ணு நிக்கும்."

"சரிக்கா," என்றேன். சரி என்று சொன்னதோடு என் வேலை முடிந்தது.

சேமநிதியில் ஐந்தில் நான்கு பங்கை ஒரே கம்பெனியில் போட்டேன். எந்தக் கம்பெனி என்று இந்நேரம் தெரிந்திருக்கும்.

பங்களாப் படிக்கட்டு

தோட்டத்தை நினைத்து ஏங்குகிறவள் என்று என்னைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பத்து வீட்டுக்கு ஒரு கக்கூஸ், மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் சம்பளம் இல்லை. அதற்காக யார் ஏங்குவார்கள்?

எனக்கு இருந்தது கோபம். நான் ஆறாம் வகுப்பு முடித்த வருஷம் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு துரை பங்களாவுக்குப் போனார். டவுன் பள்ளிக்கூடத்துக்குச் சட்டை தைக்க, சம்பளத்தில் கொஞ்சம் முன்பணம் கேட்க. அப்பா விடியும் முன்னே பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போகிறவர். அன்று குளித்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். ஆனாலும் கையில் ரப்பர் பால் வாடை போகவில்லை. படிக்கட்டுக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றோம். கணக்கெழுதும் கிராணி உள்ளே போய்த் திரும்பி வந்து, துரை ஓய்வில் இருக்கிறார் என்றார். மேலே ஏறச் சொல்லவில்லை. மறுநாளும் போய் நின்றோம்.

சட்டை எப்படியோ தைத்தார்கள். அந்தப் படிக்கட்டு என் மனசை விட்டுப் போகவில்லை.

பிறகு ரப்பரை அழித்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டார்கள். வீடுகளைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. கடிதம் வந்த சில மாதத்தில் அப்பா இறந்துபோனார். அதனால் அவருக்கு மட்டும் தோட்டத்திலேயே இடம் கிடைத்தது. அம்மாவும் தம்பி குணாவும் நானும் புந்தோங்குக்கு வந்தோம்.

அந்தக் கம்பெனியின் பங்கை யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று எனக்குத் தெரிந்தபோது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. வாங்கினேன். முதல் லாப ஈவு வங்கியில் விழுந்ததாகக் கைப்பேசி காட்டிய அன்று, அதை அப்பா படத்துக்கு முன்னால் வைத்து ஒரு ஊதுபத்தி ஏற்றினேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். எனக்கு அன்று வயிறு குளிர்ந்தது.

குணாவிடம் மட்டும் சொல்லவில்லை. அந்தக் கம்பெனிப் பெயரைக் கேட்டாலே அவன் காறித் துப்புவான்.

காய் பார்க்கப் போனோம்

கண்ணை மூடிக்கொண்டு வாங்கினேன் என்று நினைக்காதீர்கள். கண்ணைத் திறந்துகொண்டுதான் போய்ப் பார்த்தேன். அதுதான் என் தப்பு.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு மரம் பார்க்கத் தெரியும். இரண்டு மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் காரை எடுப்பார். அவர் பழைய லாரி டிரைவர், சாலை என்றால் போதும். பீடோர் தாண்டித் தோட்டத்துச் சாலையில் நிறுத்துவோம். மட்டை ஒழுங்காக வெட்டியிருக்கிறதா, குலை சரியாகப் பழுத்திருக்கிறதா, கன்று மாற்றி நட்டிருக்கிறார்களா என்று பார்ப்பேன். எல்லாம் நன்றாகவே இருந்தது.

"மரம் நல்லாருக்கு. கம்பெனியும் நல்லாருக்கும்," என்பேன்.

"நீ வந்து கையெழுத்துப் போட்டாத்தான் காய் வெட்டுவாங்க போல," என்பார் அவர். திரும்பும்போது பீடோரில் நிறுத்தி வாத்துக்கறி நூடுல் சாப்பிடுவோம். சர்க்கரை வியாதிக்காரர் என்று நானும் கண்டித்துப் பார்த்தேன்.

ஸ்டெல்லா அக்கா கம்பெனியின் ஆண்டறிக்கையைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "கடன் பக்கத்தப் படிச்சியா?"

"மரத்த நேர்ல பாத்துட்டேன்க்கா."

"மரம் கடன் வாங்காது சரசு. கம்பெனி வாங்கும்."

கம்பெனி வாங்கித்தான் இருந்தது. கடல் தாண்டி எங்கேயோ காடு வாங்க, பெரிய கடன். அது பீடோர் சாலையில் நின்றால் தெரியாது. அறிக்கையின் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் இருந்தது. மூக்குக் கண்ணாடி என் தலைமேலேயே இருந்தது, இறக்கிப் படிக்கவில்லை.

நாலு மாச டயாலிசிஸ்

வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் போனது அந்தச் சமயத்தில்தான். வாரத்துக்கு மூன்று நாள், நாலு நாலு மணி நேரம். லாரி முதலாளி எந்தக் காப்பு நிதியிலும் இவர் பெயரைச் சேர்க்காமலே இருபது வருஷம் ஓட்ட வைத்திருக்கிறார். இந்தத் தொண்டு மையம் பாதிச் செலவை ஏற்றுக்கொண்டது. மீதிக்கு என் லாப ஈவு இருக்கிறது என்று நர்ஸ் மிஸ்ஸியிடம் பெருமையாகச் சொன்னேன்.

அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. கம்பெனி வருஷத்துக்கு இரண்டு தடவைதான் பணம் தரும். மிஷின் வாரத்துக்கு மூன்று தடவை கேட்கும். நடுவில் வரும் மாதங்களுக்கு நான் எதையும் ஒதுக்கி வைக்கவில்லை.

அடுத்த வருஷம் லாப ஈவு பாதியானது. பங்கின் விலையும் இறங்கியது. விலை இறங்கியதால், போன வருஷத்து ஈவை இன்றைய விலையோடு வைத்துப் பார்த்தால் சதவீதம் கொழுகொழு என்று தெரிந்தது. என் அறிவைப் பாருங்கள், மிச்சமிருந்த ஐந்தில் ஒரு பங்கையும் கொண்டுபோய் அதிலேயே போட்டேன். அதற்கு அடுத்த வருஷம் ஈவே இல்லை.

வாங்கிய விலையில் பாதிக்கு விற்க மனம் வரவில்லை. ஸ்டெல்லா அக்கா பாதியையாவது விற்கச் சொன்னார். விற்றால் மறுபடியும் அந்தப் படிக்கட்டுக்குக் கீழே நிற்கிற மாதிரி இருந்தது. வீட்டுக்காரரின் காரை விற்றோம். அவர் சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அன்று எனக்கு என்மேலேயே வெறுப்பு வந்தது.

அதன் பிறகு பணத்தை நான் ரிங்கிட், வெள்ளி என்று எண்ணுவதில்லை. கையில் நாலு மாச டயாலிசிஸ் இருந்தது.

அந்த நிலையில்தான் கம்பெனியிலிருந்து தடித்த உறை வந்தது. நிலம் விற்கிறார்கள். உள்ளே ஒரு வரைபடம், விற்கப்போகும் இடத்துக்கு இளஞ்சிவப்பு நிறம். இடுகாட்டை விரலால் தேடினேன். அதைக் குறிக்கவே இல்லை.

குணா

அதே வாரம் கமுந்திங்கிலிருந்து குணா கூப்பிட்டான். அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். எனக்கு ஐந்து வயது இளையவன்.

"அக்கா, கேள்விப்பட்டியா? அப்பா கெடக்குற எடத்தையும் சேத்து விக்கிறானுங்க. நம்ம தோட்டத்து ஆளுங்கல்லாம் மனு எழுதுறோம். ஒம்பேரையும் போடவா?"

"போட்டுக்க," என்றேன்.

"மச்சானுக்கு எப்படி இருக்கு?"

"இருக்காரு."

போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்றேன். விற்காதே என்று கேட்கிற மனுவில் என் பெயர் இருக்கிறது. விற்கலாமா என்று கம்பெனி கேட்கிற சீட்டிலும் என் பெயர் இருக்கிறது. இரண்டும் ஒரே சரஸ்வதிதான்.

ஸ்டெல்லா அக்கா ஒரு வழி சொன்னார். "சேதி கேட்டு வெல ஏறியிருக்குல்ல. இப்பவே வித்துட்டு வெளிய வந்துரு. ஓட்டு யாரோ போட்டுக்கட்டும்."

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் விலை ஏறியதே அந்த நிலத்தை விற்கப்போகிறார்கள் என்பதால்தான். இப்போது விற்றாலும் என் கைக்கு வருவது அதே நிலத்துக் காசு. கை மாறி வருவதால் அழுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ஏழாம் நம்பர் நாற்காலி

மறுபடியும் அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

இடுகாட்டுக்கு என்ன ஏற்பாடு என்று முந்தின நாளே கேள்வி எழுதி அனுப்பியிருந்தேன். கூட்டத்தில் முதலில் வந்த கேள்விகள் எல்லாம் வேறு. கலந்துகொண்டதற்குச் சாப்பாட்டு வவுச்சர் உண்டா, எத்தனை வெள்ளிக்கு, எப்போது வரும். தலைவர் பொறுமையாக விளக்கினார். என் கேள்விக்கு ஒரே வாக்கியம்: சட்டப்படி வேறு இடத்துக்கு மாற்றித் தரப்படும். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

பொத்தான்கள் வந்தன. கைப்பேசியை வீட்டுக்காரர் பக்கம் திருப்பினேன்.

"எதிர்ப்புன்னு போட்டுரலாமா?" என்று கேட்டேன். "என் பங்கு எம்மாத்திரம். எப்படியும் பாஸாயிரும். காசும் வந்துரும்."

அவர் மிஷினில் ஓடும் தன் ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காசும் வேணும், கையும் சுத்தமா இருக்கணுமா?" என்றார்.

"அப்ப சம்மதம்னு போடவா?"

"அத நீதான் முடிவு பண்ணணும். ஒண்ணு சொல்றேன் கேளு. என் வீட்டுக்காரருக்காகத்தான் போட்டேன்னு நாளைக்கு யார்கிட்டயும் சொல்லாத. அத என் தலையில வைக்காத. நான் இருக்குறது இன்னும் எத்தன வருஷமோ, அத ஒங்கப்பா குழிமேல நின்னுக்கிட்டுக் கழிக்க முடியாது."

எனக்குக் கண் நிறைந்தது. மிஸ்ஸி வந்து ரத்த அழுத்தம் பார்த்துவிட்டுப் போனார். திரையில் மூன்று நிமிஷம் மிச்சம் இருந்தது.

"எது போட்டாலும் குணாகிட்ட நீயே சொல்லிரு," என்றார் அவர். "அடுத்தவன் வாயால போகக் கூடாது."

சம்மதத்தை அழுத்தினேன். எனக்குப் பணம் வேண்டியிருந்தது. இவர் உயிரோடு வேண்டியிருந்தார். இவருக்காக என்று சொல்லக் கூடாது என்பதால், எனக்காக என்றே எழுதுகிறேன்.

அரை மணி நேரத்தில் முடிவு அறிவித்தார்கள். ஏறக்குறைய எல்லாருமே சம்மதம். என் ஓட்டு இல்லாவிட்டாலும் அதேதான் நடந்திருக்கும். அதில் எனக்கு ஒரு ஆறுதலும் கிடைக்கவில்லை.

அன்று மத்தியானமே குணாவைக் கூப்பிட்டேன். பங்கு வாங்கியதையும், எத்தனை வருஷமாக வைத்திருக்கிறேன் என்பதையும், காலையில் எதை அழுத்தினேன் என்பதையும் வரிசையாகச் சொன்னேன். அந்தப் பக்கம் தொழிற்சாலை இரைச்சல் மட்டும் கேட்டது.

"நீயாக்கா?" என்றான். பிறகு வைத்துவிட்டான்.

ஐந்து மாதம் பேசவில்லை. தீபாவளிக்கும் வரவில்லை.

இப்போது

வாசகிக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். சிறப்பு ஈவு வந்தது. கொஞ்ச நாளில் பங்குகளையும் நான்கைந்து தவணையாக விற்றேன், நஷ்டத்தோடுதான்.

இன்று ஒரு வருஷ டயாலிசிஸ் சேமிப்புக் கணக்கில் கிடக்கிறது. அதை எதற்கும் தொடுவதில்லை. நாலு நிரந்தர வைப்புகள், மூன்று மாதத்துக்கு ஒன்று முதிர்வது போல. வட்டி குறைவுதான், ஆனால் மிஷின் கேட்கும்போது கையில் இருக்கிறது. கட்டடங்களின் வாடகையைப் பிரித்துத் தரும் நிதிகள் இரண்டில் கொஞ்சம். மிச்சம் ஆறு கம்பெனிகளில், ஒன்றில் விழுந்தால் தாங்குகிற அளவுக்கு. அந்த ஆறில் எதன்மீதும் எனக்குப் பாசமும் இல்லை, பகையும் இல்லை. அவற்றின் கடன் பக்கத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கிறேன். ஸ்டெல்லா அக்கா, நான் முதலிலேயே சொன்னேனே என்று இதுவரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அதற்காகவே அவருக்குத் தேயில் பால் கூடவே ஊற்றுகிறேன்.

கோபத்தில் வாங்கிய பங்கும் ஆசையில் வாங்கிய பங்கும் ஒன்றுதான் என்று எனக்குப் புரிய இவ்வளவு செலவானது.

ஞாயிறு காலை, பீடோர்

ஓட்டுப் போட்ட ஐந்தாம் மாதம், குழிகளை மாற்றும் நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று கடிதம் வந்தது. பஸ் பிடித்துத் தனியாகத்தான் போனேன். முந்தின நாள் மிஷினில் இருந்ததால் வீட்டுக்காரரால் நிற்க முடியாது.

செம்பனைக்கு நடுவில் இடுகாடு அப்படியே இருந்தது. முப்பது நாற்பது பேர் வந்திருந்தார்கள். பலரை முகம் பார்த்தும் பெயர் சொல்ல முடியவில்லை. குழி மாற்றும் வேலையை எடுத்த குத்தகைக்காரரின் ஆட்கள் மண்வெட்டியோடு நின்றார்கள். ஈர மண் வாசனையும் கற்பூர வாசனையும் வந்தன.

குணா எனக்கு முன்பே வந்து அப்பா குழியின் புல்லைச் செதுக்கி வைத்திருந்தான். சிமெண்டுப் பலகையில் அப்பாவின் பெயரில் பாதிதான் தெரிந்தது. என்னைப் பார்த்தான். ஆட்களோடு சேர்ந்து தோண்டக் குழிக்குள் இறங்கினான். நான் நாலடி தள்ளி நின்றுகொண்டேன். பக்கத்தில் போக எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

கையில் கம்பெனி அனுப்பிய அந்தத் தடித்த அறிக்கை இருந்தது. வேறு வரைபடம் என்னிடம் இல்லாததால் அதையே எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். குத்தகை அலுவலகத்து மலாய்ப் பெண் ஒருத்தி, பிளாஸ்டிக் கோப்பில் பெயர்ப் பட்டியலோடு ஒவ்வொரு குழியாக வந்துகொண்டிருந்தாள். என் கையில் இருந்த அறிக்கையின் முத்திரையைப் பார்த்து, தள்ளி நின்ற என்னையும் பார்த்தாள்.

மலாயில் மரியாதையாகத்தான் கேட்டாள். "அக்கா வாரிசா, கம்பெனி ஆளா?"

கையிலிருந்த அறிக்கையைச் சுருட்டினேன்.

"வாரிசு," என்றான் குணா. குழிக்குள் இருந்து நிமிராமலே சொன்னான்.

அவள் பட்டியலில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த குழிக்குப் போனாள். நான் குழி ஓரத்துக்குப் போய் உட்கார்ந்தேன். எலும்புகளைத் தாங்க வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். அப்பா மிகவும் கொஞ்சமாகத்தான் இருந்தார்.

"அவ கேட்டதுல ரெண்டாவதும் உண்மதான் குணா," என்றேன்.

"தெரியும்," என்றான். துணியின் இரண்டு முனைகளைச் சேர்த்து என் கையில் திணித்தான். "இந்தப் பக்கம் புடி. ஒரு ஆளாத் தூக்க முடியாது."

பிடித்தேன்.